மடித்து வைத்த கப்பல்

சேலைக்கடைக்காரர் பெண்டாட்டிக்குச் சேலை எடுக்கும் யோகம் கிடையாது என்று ஹாஜிரா சொல்வதுண்டு. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மலேசியாவில், கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் அவள் கணவர் ஷாஹுல் ஹமீதின் ஜவுளிக்கடை. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. ஊருக்கெல்லாம் பட்டு மடித்துக் கொடுத்த மனுஷன், பெண்டாட்டிக்குக் கொண்டுவந்ததெல்லாம் மற்றவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளியவைதான். "உனக்குன்னு எடுத்து வச்சேன்" என்று கையில் கொடுப்பார். அவளும் உடுத்திக்கொள்வாள். நிறம் பிடித்ததா என்று அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை.

சேலை மட்டுமா? மாப்பிள்ளையைப் பெரியவர்கள் பார்த்தார்கள். வீட்டை மச்சான் பார்த்தார். கணவரை அவள் மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட அவளிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தவளும் இல்லை. கிடைத்ததை நல்லதென்று சொல்லி வாழ்ந்துவிட்டாள். அப்படியே முடிந்திருந்தால் இவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமிருக்காது.

ஷாஹுல் ஹமீது கெட்டவர் இல்லை. வீட்டில் முன்கோபி, ரோஷக்காரர். கடையில் மட்டும் தங்கக் கம்பி. வியாபாரத்தில் அவருக்கு ஒரு முறை உண்டு. வருகிறவருக்கு ஒரு சேலையை மட்டும் காட்ட மாட்டார், மூன்றும் காட்ட மாட்டார். இரண்டை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார், அப்புறம் வாய் திறக்க மாட்டார். "ஒண்ண மட்டும் நீட்டுனா நம்ம தலையில கட்டுறான்னு நெனப்பாங்க. மூணு போட்டா கொழம்பிப் போயி எழுந்திருச்சிருவாங்க. ரெண்டு போடு, வாயப் பொத்திக்க. கை எதுமேல போவுதோ மத்தத மடிச்சிரு" என்று வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதே பாடம்தான். எது நல்லது என்று கேட்டாலும் சொல்ல மாட்டார். நாற்பது வருஷம் இப்படியே ஓட்டினார், கடையும் ஓடியது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. பந்திங்கில் இருக்கிற ஷாஹுலின் தங்கை மகள் ருக்சாரை ஒரே மகன் அத்னானுக்குப் பேசி, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. நிக்காஹ்வுக்கு முந்தின வாரம் பையன் கூடத்தில் வந்து நின்றான்.

"எனக்கு வேணாம் வாப்பா. அவ மேல ஒரு கொறையும் இல்ல. கூடப் பொறந்தவ மாரியே பாத்துப் பழகிட்டேன். என்னால முடியல."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். கடைசிவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, ஊர் கூடுகிற நேரத்தில் சொன்னான். ஷாஹுல் ஹமீதுக்குத் தலையில் ஏறியது இறங்கவே இல்லை. "நான் மவுத்தானா என் கபுருல ஒரு பிடி மண்ணு போடக்கூட நீ வரக்கூடாது" என்றார். பையன் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனான். தங்கை அந்த வீட்டு வாசல்படியை மிதிப்பதை விட்டாள். அந்த ஆத்திரத்தையும் சேர்த்து ஹாஜிராவிடம் காட்டினார் மனுஷர். அவள் கையைப் பிடித்துக் குர்ஆன் மேல் வைத்து, இனி அவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் செய்துவிட்டாள். எதையும் மறுத்துப் பழகாத வாய் அதை மட்டும் எப்படி மறுக்கும்?

ஹாஜிராவின் தங்கை சல்மா பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அத்னானுக்கு அவள் சாச்சி. அவன் அவளோடுதான் பேசுவான். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி ஹாஜிரா அங்கே போய் உட்கார்ந்திருக்கிற நாளாகப் பார்த்துச் சல்மா அவனைக் கூப்பிட்டு, போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். ஹாஜிரா எதிரே உட்கார்ந்து, முக்காட்டுத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்பாள். பேச மாட்டேன் என்றுதானே சத்தியம். கேட்க மாட்டேன் என்று யாரும் வாங்கவில்லையே.

அவனுக்கும் அது தெரியும். "சாச்சி, எனக்குக் காய்ச்சல் நின்னுருச்சு. யாரும் கவலப்பட வேணாம்" என்பான். "நேத்து மீன் ஆணம் வச்சேன் சாச்சி. யாரோ ஒருத்தங்க வைக்கிற மாரி வரல" என்பான். யாரும் என்பது யார், யாரோ என்பது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். போனை வைத்த பிறகுதான் ஹாஜிரா வாயிலிருந்து துணியை எடுத்து அழுவாள்.

சல்மாவுக்குப் பொறுக்காது. "சத்தியத்த முறிச்சா பரிகாரம் இருக்கு லாத்தா. பத்து ஏழைக்குச் சாப்பாடு போட்டா முடிஞ்சிச்சு. பள்ளிவாசல் ஹஸரத்துக்கிட்ட வேணா கேளு."

"அல்லாஹ்கிட்ட முறிச்சுக்கலாம்டி. அவன் பொறுத்துக்குவான். உங்க மச்சான்கிட்ட எப்படி முறிக்கிறது?" என்பாள் ஹாஜிரா. 

போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் அத்னான் ஒரு சேதி சொன்னான். "மெலாத்தி குவீன்னு ஒரு கப்பல் சாச்சி. சாப்பாட்டு ஹால்ல வேல. போர்ட் கிள்ளானுக்கே வந்து போவுது. நம்ம ஊரு லைட்டெல்லாம் தெரியுது. எறங்கத்தான் லீவு கெடைக்கல." அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, இவர்கள் கூப்பிட்டாலும் கிடைக்கவில்லை. கப்பல்காரன் போன், வந்தால் வந்ததுதான். ஹாஜிராவுக்கு அந்தக் கப்பலின் பேர் மட்டும் மனப்பாடமாக நின்றது. ஒவ்வொரு தொழுகையிலும் அது கரை சேர வேண்டுமென்று துஆ கேட்டாள்.

பெருநாள் கழிந்த பிறகு ஒரு சாயங்காலம் ஷாஹுல் ஹமீது வீட்டுக்குள் வந்து, "எங்கயாச்சும் போவலாமா ஹாஜிரா? கப்பல்ல?" என்றார்.

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாகிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கல்யாணத்துக்குப் போவதையே வெளியூர்ப் பயணமாக நினைக்கிற மனுஷன். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்று ஏதோ காரணம் சொன்னார். சட்டைப்பையிலிருந்து இரண்டு விளம்பரத் தாள்களை எடுத்து, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டார். வீட்டிலும் அதே வியாபாரம்தான்.

"ரெண்டுல எது, சொல்லு."

ஒன்று ஓரியன் கிராண்ட். புதுக்கப்பல், மாடி மேல் மாடியாக எழும்பி நிற்பது. இன்னொன்றின் பேரை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மெலாத்தி குவீன். அவள் கை தானாக அதன்மேல் போய் விழுந்தது.

ஷாஹுல் ஹமீது அந்தக் கையைப் பார்த்தார். "இதையும் பாரேன்" என்று ஓரியன் தாளைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். கடையில் நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத சொல் அது. ஹாஜிரா அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. மகன் சோறு பரிமாறுகிற கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து அவனைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வரலாம், அதற்கு எந்தச் சத்தியமும் குறுக்கே இல்லை என்பது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் எந்தக் கப்பலும் இல்லை. ஆகவே கப்பலுக்கும் லோரிக்கும் வித்தியாசம் தெரியாதவள் கப்பல் வக்கீலாகிவிட்டாள்.

"அது பழசு ஹாஜிரா. ஆடும்" என்றார் அவர்.

"தொட்டில்ல ஆடாமலா வளந்தேன்?"

"இதுல லிப்ட் பெருசு. உன் முட்டிக்கு நல்லதுல்ல?"

"நான் என்ன, கப்பல்ல மாடி மாடியா சேல விக்கவா போறேன்?"

"நம்ம சாப்பாடு தனியா ஒரு எடத்துல போடுறாங்களாம். நம்ம பசங்களே பரிமாறுவாங்களாம்."

"நம்ம சோத்தத் திங்கறதுக்குக் கப்பல் ஏறணுமா? அதான் அடுப்புல இருக்கே. அதோட மச்சான், அதுல நீச்சல் குளம் மூணு இருக்கு. பொம்பளைங்க அரைகொறையா திரிவாங்க. எனக்கு ஆவாது."

"இதுலயும்தான் குளம் இருக்கு."

"சின்னக் குளம். கொஞ்சமா திரிவாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தாள்கள் மேசையிலேயே கிடந்தன. மறுநாள் பார்த்தால் ஓரியன் மேலே இருக்கும், சமையல் முடித்து வரும்போது ஹாஜிரா மெலாத்தியை எடுத்து மேலே வைத்துவிடுவாள். சாப்பிட வரும்போது மறுபடி ஓரியன் மேலே இருக்கும். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னாள். சல்மா துள்ளிக் குதித்தாள். "இப்பவே அத்னானுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடட்டா லாத்தா?"

"வேணாம். சொல்லியனுப்புறதும் பேசுற மாரிதான்."

"அட, நீ எங்க பேசுற? நான்ல சொல்றேன்?"

"நான் வர்றேன்னு நீ சொன்னா அது என் பேச்சுதானே. சத்தியத்துல ஓட்ட போடக்கூடாது சல்மா. நான் போயிப் பாத்துக்கறேன்."

ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். ஒரு விரல் தட்டியிருந்தால் போதும். கேட்டுக்கொண்டே சத்தியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவளுக்கு இந்த இடத்தில் மட்டும் எங்கிருந்துதான் அத்தனை கண்டிப்பு வந்ததோ. சல்மா நெற்றியில் அடித்துக்கொண்டு டீ போடப் போனாள்.

பயண ஏஜென்சியும் பிரிக்பீல்ட்ஸில்தான். பணம் கட்டுகிற அன்றைக்கு இருவரும் ஒன்றாகப் போனார்கள். அங்கே வேலை பார்க்கும் புஷ்பவல்லி இரண்டு கப்பலின் படங்களையும் கம்ப்யூட்டரில் காட்டினாள்.

"ஆன்டி, என்னைக் கேட்டா ஓரியன்தான் பெட்டர் லா. ரெண்டும் பக்கத்துல வச்சா யாரும் மெலாத்தி எடுக்க மாட்டாங்க. ரூமெல்லாம் சின்னது, ஜன்னல்கூட இல்ல."

"எங்களுக்கு மெலாத்திதான் வேணும்மா" என்றாள் ஹாஜிரா.

ஷாஹுல் ஹமீது புஷ்பவல்லியைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பெரிய கப்பல் அடுத்த வருஷம் வருமா?"

"வராது அங்கிள். இந்த மாசத்தோட சீசன் முடிஞ்சு ஐரோப்பா பக்கம் போயிருது. அப்புறம் இந்தப் பக்கமே இல்லையாம்."

அவர் ஹாஜிரா பக்கம் திரும்பினார். "கேட்டியா? அப்புறம் வராதாம்."

"போனாப் போவட்டும்" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது போலத் தெரிந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு ஓரியன் தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, இன்னொரு மடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஹாஜிராவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கை போன பக்கம் அவர் மற்றதை மடித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் கடைக்குப் போய்த் தனக்கென்று தானே ஒரு சேலை எடுத்தாள். மாம்பழ மஞ்சளில் ஒரு சில்க். வீட்டில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து, கை வலிக்கக் கிண்டி அத்னானுக்குப் பிடித்த தொதல் செய்து ஒரு டின்னில் அடைத்தாள். பேசத்தான் கூடாது. மேசைமேல் ஒரு டின்னை மறந்து வைத்துவிட்டு எழுந்துபோனால் அது யார் தப்பு?

அடுத்த மாசம் மெலாத்தி குவீன் போர்ட் கிள்ளானை விட்டு நகர்ந்தபோது எல்லாரும் மேல்தளத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஹாஜிரா வெள்ளைச் சட்டை போட்ட ஒவ்வொரு பையனின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்தில் பெருத்திருப்பான், தாடி வைத்திருந்தாலும் வைத்திருப்பான். எப்படி இருந்தாலும் தெரியாமலா போகும்?

மஃரிபு தொழுதுவிட்டு, மஞ்சள் சேலையோடு சாப்பாட்டு ஹாலுக்குள் நுழைந்தாள். டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பையன் தண்ணீர் ஊற்றினான், இன்னொருவன் சூப் கொண்டுவந்தான், தூரத்தில் இரண்டு பேர் தட்டு எடுத்தார்கள். யாரும் அவன் இல்லை. ஷாஹுல் ஹமீது தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவர் கை கழுவ எழுந்து போன நேரம் பார்த்து, ஹாஜிரா அந்த மேசைக்குப் பரிமாறிய தமிழ்ப் பையனைக் கூப்பிட்டாள். சட்டையில் லோகன் என்று பேர் குத்தியிருந்தது.

"தம்பி, இங்க அத்னான்னு ஒரு புள்ள வேல பாக்குதா?"

"அத்னானா ஆன்டி? தெரியுமே. இந்த மேசையெல்லாம் அவர் பாத்ததுதான். இப்ப இங்க இல்ல. நோன்பு டைம்லயே ஓரியன் கிராண்டுக்கு மாத்திட்டாங்க. புரோமோஷன் லா."

ஹாஜிரா நிமிர்ந்தாள். லோகனுக்குப் பின்னால் ஷாஹுல் ஹமீது துவாலையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அவன் சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது. ஆனால் அவர் முகத்தில் ஆச்சரியம் ஒரு துளிகூட இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த மேசையில் கூப்பிட, லோகன் நகர்ந்தான். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"நம்ம கடையில சேல எடுக்குற வீரம்மா, பெருநாள் கழிச்சு வந்தப்ப சொன்னா. குடும்பத்தோட ஓரியன்ல போயிருந்தாங்களாம். நம்ம புள்ளதான் சோறு போட்டானாம்." நம்ம புள்ள என்ற சொல் அவர் வாயிலிருந்து ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்தது. "பேசுறதுக்கு இல்ல. ஒரு ஓரமா உக்காந்து பாத்துட்டு வந்துரலாம்னுதான்."

"அப்ப எதுக்கு ரெண்டு தாளக் கொண்டாந்து போட்டீங்க? அத மட்டும் காட்டியிருக்கலாமே மச்சான்."

"ஒண்ண மட்டும் எப்படி நீட்டுறது? எனக்கு அப்படிப் பழக்கமில்லயே." தட்டை ஒதுக்கி வைத்தார். "சும்மா கூட வைக்கத்தான் இந்தக் கப்பல எடுத்தேன். யாரும் இத எடுக்க மாட்டாங்கன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சே. நீ எடுப்பேன்னு நான் கண்டேனா? ஏன் ஹாஜிரா இதப் போயி எடுத்த?"

"நோன்புக்கு முன்னாடி அவன் இதுலதான் இருந்தான்."

அவர் அவளையே பார்த்தார். "பேசினியா?"

"பேசல. சல்மா வீட்டுல போன்ல பேசுவான். கேப்பேன்."

ஷாஹுல் ஹமீது கண்ணை மூடிக்கொண்டார். ஹாஜிரா வாதாடி வாதாடி, வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் இஷ்டத்தைச் சாதித்து, பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே தள்ளிவிட்டிருக்கிறாள். போனாப் போவட்டும் என்று சொன்னது அவள் வாய்தான். அது ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருக்கும் இந்நேரம். இத்தனை நாளும் இந்த மனுஷனும் அவளைப் போலவே ஏங்கிக்கொண்டு, அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவளுக்குத் தெரியவில்லை. அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

லோகன் பழத்தட்டோடு திரும்பி வந்தான். "அத்னான் உங்களுக்குச் சொந்தமா ஆன்டி? நம்பர் என்கிட்ட இருக்கு. ஏதாச்சும் சொல்லணும்னா மெசேஜ் அனுப்பறேன்."

"இல்ல தம்பி" என்றார் ஷாஹுல் ஹமீது, சட்டென்று. "தெரிஞ்ச பையன், அவ்வளவுதான்."

தெரிஞ்ச பையன். ஹாஜிரா மடியிலிருந்த டின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள். 

"அவன் உம்மா இந்தக் கப்பலுக்கு வந்து தேடுனான்னு சொல்லு தம்பி. ஹாஜிரா வந்து தேடுனா. அப்படியே சொல்லு."

லோகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தலையாட்டிவிட்டுப் போனான்.

சத்தியம் போயிற்று. ஆறு வருஷம் துணியைக் கடித்துக் காப்பாற்றியது. இனி அவர் கத்துவார் என்று ஹாஜிரா காத்திருந்தாள். கத்தட்டும், இந்தக் கப்பல் முழுக்கக் கேட்கட்டும் என்று இருந்தது. அவர் கத்தவில்லை. மேசையிலிருந்த கைத்துணியை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, நாலாக மடித்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் மடித்தார்.

"வாப்பாவும் வந்திருந்தாருன்னு சொல்லியிருக்கலாம்" என்றார்.

லோகன் அதற்குள் ஹாலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தான்.